எழுத்தின் மேல் விழுந்த பழி

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நடுப்பகுதியில் உலகின் பல பத்திரிகைகளும் இணையத்தளங்களும் ஏறத்தாழ ஒரே செய்தியை ஒரே தொனியில் வெளியிட்டன. ஐபோன்களை முடக்கிவிடும் இந்திய எழுத்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகவும், அது தெலுங்கு மொழிக்குரியது என்றும், யாராவது அதை அனுப்பினால் திறந்து பார்க்க வேண்டாம் என்றும் அச்செய்திகள் எச்சரித்தன. சில இடங்களில் அது 'எழுத்துக் குண்டு' என்றும் வர்ணிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டின் இந்தியக் குடிசன மதிப்பீட்டின்படி 8 கோடிக்கும் அதிகமான மக்கள் தாய்மொழியாகப் பேசும் ஒரு மொழியின் எழுத்து, ஒரே நாளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டது.

செய்தி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தத் தலைப்புக்கள் என்னை உறுத்தின. பழுது எங்கே இருந்தது, அதைக் கண்டுபிடித்தவர்கள் எவ்வழியாகச் சென்றார்கள் என்ற வரலாறு, தலைப்புக்களிலிருந்து மிகவும் வேறுபட்டது. அந்த வரலாறு நமது மொழியோடும் நமது நாட்டோடும் தொடர்புடையதாக இருப்பதனால் இங்கு சற்று விரிவாக எழுதுகின்றேன்.

என்ன நடந்தது?

அப்பிள் நிறுவனம் தனது ஐபோன்களுக்கான ஐஓஎஸ் இயங்குதளத்தின் 11.2.5 ஆவது பதிப்பை 2018 ஜனவரி 23 ஆம் திகதி வெளியிட்டது. குறிப்பிட்டதொரு இணைய இணைப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் தொலைபேசி திணறிப்போகும் என்ற வேறொரு வழு அம்மாதத்தில் வெளிப்பட்டிருந்தது. 'சாய்ஓஎஸ்' என்று பெயர் பெற்ற அந்த வழுவுக்கு இப்பதிப்பில்தான் தீர்வு வைக்கப்பட்டது. ஓர் ஓட்டையை அடைத்து மூன்று வாரங்களும் கழிந்திராத நிலையில் அதே பதிப்பு இன்னொன்றில் அகப்பட்டுக்கொண்டது.

ஐந்து குறிகளாலான ஒரு சிறிய எழுத்துக்கோவை. அதைத் திரையில் வரைய முற்பட்ட எந்தச் செயலியும் உடனே மூடிக்கொண்டது. அப்பிளின் செய்திச் செயலி, வட்ஸ்அப், பேஸ்புக் மெசெஞ்சர், ஜிமெயில் முதலியன இதற்கு உள்ளாயின. மீளத் திறந்தால் அதே செய்தியை மீள வரைய முயன்று மறுபடியும் மூடிக்கொள்ளும். செய்தி அறிவிப்பாக முகப்புத் திரைக்கு வந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். முகப்புத் திரையை நடத்தும் நிரலே விழுந்துவிடும். அப்பிளின் மேசைக் கணினிகளும் கைக்கடிகாரங்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒரே எழுத்து வரையும் பொறியைப் பயன்படுத்துவதால் அவையும் பாதிக்கப்பட்டன. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினாலே போதும் என்பதால் விளையாட்டாகவும் வன்மமாகவும் அக்கோவை ட்விட்டரில் பரவலாயிற்று.

ஐந்து குறிகள்

அந்தக் கோவையைத் தமிழில் எழுதுவதாயின் 'ஜ்ஞா' என்று எழுதலாம். ஞானம் என்று நாம் தமிழில் வழங்கும் சொல்லின் வடமொழி மூலம் தொடங்குவது இந்த ஒலியுடன்தான். அறிவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அறிவுமிக்க கருவிகளை வீழ்த்தியது என்று அப்போது சிலர் பகடி செய்ததும் உண்டு.

யுனிகோட் முறையில் இக்கோவை இவ்வாறு சேமிக்கப்படுகின்றது: முதலில் தெலுங்கு ஜகரம், அடுத்து, உயிரை நீக்கும் விராமக்குறி (நமது புள்ளிக்கு நிகரானது), பின்னர் ஞகரம், அதன் பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, இறுதியாக ஆகார உயிர்க்குறி. நான்காவதாக நிற்கும் அந்தக் குறிக்கு வடிவம் இல்லை, அகலமும் இல்லை. 'இந்த இடத்தில் இரண்டையும் ஒட்ட வேண்டாம்' என்று கணினிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதை இங்கு ஒட்டாக்குறி என்று அழைப்போம்.

இவ்வாறான குறிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துக்களின் ஆட்சி முடிவுறும் தறுவாயில் இருந்தது. அச்சுக்கோப்பாளர் 'கொ' என்ற எழுத்தைக் கோக்கும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன் பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அச்சுக்களை எடுத்து வைப்பார். தமிழ்த் தட்டச்சுப்பொறியும் அவ்வாறே. பின்னர் வந்த பாமினி போன்ற எழுத்துருக்களும் அந்த ஒழுங்கையே பின்பற்றின. அவை உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களைக் குந்த வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும்.

யுனிகோட் வேறு வழியில் சென்றது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் தேவநாகரியும் இடம்பெற்றன. இந்திய மொழிகளுக்கான இடங்களை வகுத்தபோது இந்திய அரசின் இஸ்கி குறிமுறையின் 1988 ஆம் ஆண்டு வடிவமே அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. அதன்படி எழுத்துக்கள் ஒலிக்கும் ஒழுங்கில் சேமிக்கப்படும். காணும் ஒழுங்கில் அல்ல. 'கொ' என்பது ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு குறிகள் மட்டுமே. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைக்கும் வேலை, திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் தலையில் விழுந்தது. அச்சுக்கோப்பாளரின் விரல்கள் செய்த வேலையை இன்று அந்த மென்பொருளே செய்கின்றது. விண்டோஸில் யுனிஸ்கிரைப் என்றும், பயர்பொக்ஸ், குரோம், அன்ட்ரொயிட் ஆகியவற்றில் ஹார்ஃபஸ் என்றும், அப்பிள் கருவிகளில் கோர்டெக்ஸ்ட் என்றும் அதற்குப் பெயர்.

தெலுங்கில் இந்த வேலை மேலும் சிக்கலானது. இரண்டு மெய்கள் சேரும்போது இரண்டாவது மெய் தன் முழு உருவை இழந்து, முதல் மெய்யின் கீழே அல்லது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். உயிர்க்குறியோ முதல் மெய்யின் மேல் ஏறும். ஆகவே சேமித்த ஒழுங்குக்கும் வரையும் ஒழுங்குக்கும் இடையில் பல இடமாற்றங்கள் நிகழ்கின்றன.

பூட்டிய வீட்டுக்கு வெளியே ஒரு விசாரணை

ஹார்ஃபஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் வாசித்துப் பார்க்கலாம். கோர்டெக்ஸ்ட் அப்படிப்பட்டதல்ல. அதன் உள்ளே என்ன நடக்கின்றது என்பது அப்பிள் நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். எனவே வெளியார் ஒருவர் வழுவைத் தேட வேண்டுமாயின், பூட்டிய வீட்டின் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி உள்ளே எழும் ஓசையைக் கேட்டு அனுமானிப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

அக்காலத்தில் மொசில்லாவில் பணியாற்றிய மணீஷ் கோரேகாவ்கர் என்ற பொறியியலாளர் இதனைச் செய்தார். இந்திய எழுத்து முறைகளில் ஆழ்ந்த ஈடுபாடுடைய அவர், 2018 பெப்ரவரி 15 ஆம் திகதி தமது ஆய்வை எழுதி வெளியிட்டார். அதன் தருக்கம் ஒரு நல்ல புலனாய்வுச் செய்தியாளனின் தருக்கத்தை ஒத்தது. பிறவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மாற்றத்தின் பின்னும் வழு நிலைத்தால் மாற்றப்பட்ட பொருளை நிரபராதி என்று விடுவிப்பது. கண்டறியப்பட்டவற்றைப் படிகளாகத் தொகுத்தால் பின்வருமாறு அமையும்.

முதலாவது, ஒட்டாக்குறி இல்லாத சாதாரண 'ஜ்ஞா' எந்தக் கருவியையும் வீழ்த்தவில்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மக்கள் நாள்தோறும் எழுதும் சொற்கள் வழமைபோல் தோன்றின. ஆகவே 'தெலுங்கு எழுத்து ஐபோனைக் கொல்கின்றது' என்ற கூற்று முதற் படியிலேயே அடிபட்டுப்போகின்றது.

இரண்டாவது, ஜகரத்துக்கும் ஞகரத்துக்கும் பதிலாக வேறு தெலுங்கு மெய்களை இட்டாலும் வழு நிலைத்தது. எனவே குறிப்பிட்ட அந்த எழுத்துக்கும் வழுவுக்கும் தனிப்பட்ட உறவு கிடையாது.

மூன்றாவது, வழு தெலுங்குடன் நிற்கவுமில்லை. வங்காளத்திலும் தேவநாகரியிலும் அதே அமைப்பில் கோத்த கோவைகள் அதே விளைவைத் தந்தன. ஆயினும் அங்கே எல்லா மெய்களும் அல்ல. தேவநாகரியில் இரண்டாவது மெய் ரகரமாக இருக்க வேண்டும். வங்காளத்தில் ரகரமாகவோ யகரமாகவோ இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது தடயந்தான் விசாரணையின் திருப்புமுனை எனலாம். தெலுங்கின் மெய்களுக்கும், தேவநாகரி ரகரத்துக்கும், வங்காள ரகர யகரங்களுக்கும் பொதுவான பண்பு என்ன? முதல் மெய்யின் உருவத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னொட்டாகவோ கீழொட்டாகவோ தாம் சென்று சேர்வதே அவற்றின் பண்பு. தேவநாகரியின் ஏனைய மெய்கள் சேரும்போது முதல் மெய்யே பாதியாகக் குறைகின்றது. இது இலக்கணத்திலும் எழுத்து வரலாற்றிலும் பயிற்சி உள்ளவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படக்கூடிய வேறுபாடு.

நான்காவதாக விதிவிலக்குகள் வந்தன. தேவநாகரியிலும் வங்காளத்திலும் முதல் மெய் ரகரமாக இருந்தால் வழு தோன்றவில்லை. அவ்விடத்தில் ரகரம் அடுத்த மெய்யின் தலைமேல் ஏறும் கொக்கியாக மாறிவிடுவதால் கட்டுமானமே வேறாகிவிடுகின்றது. தெலுங்கின் ஐகாரக் குறியும் வங்காளத்தின் ஓகார ஔகாரக் குறிகளும் வந்தாலும் வழு தோன்றவில்லை. அவை இரண்டு துண்டுகளாகப் பிரிபவை. ஒரு குறி இரண்டாக உடையும்போது பொறி வேறொரு பாதையில் செல்கின்றது என்று கொள்ள இடமுண்டு.

இத்தனை தடயங்களும் ஒரே திசையையே காட்டின. ஒட்டி நிற்கும் இரண்டாவது மெய்யையும், அதன் பின் வரும் கண்ணுக்குத் தெரியாத குறியையும், உடையாத உயிர்க்குறியையும் ஒருசேரக் கையாளும் இடத்தில் பொறி தடுமாறுகின்றது. குற்றம் எழுத்தில் இல்லை, எழுத்தைக் கோக்கும் கையில் இருந்தது.

நான்கு நாட்களின் பின், பெப்ரவரி 19 ஆம் திகதி, அப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டது. மேசைக் கணினிகளுக்கும் ஏனைய கருவிகளுக்கும் உரிய திருத்தங்களும் அதே நாளில் வந்தன. உடன் வெளியான பாதுகாப்புக் குறிப்பு மிகச் சுருக்கமானது. கோர்டெக்ஸ்ட் பகுதியில் நினைவகச் சிதைவு ஏற்பட்டதாகவும், உள்ளீட்டைச் சரிபார்க்கும் முறை மேம்படுத்தப்பட்டதாகவும் அது கூறியது. பரிசோதனை நிலையில் இருந்த 11.3 பதிப்பில் இந்த வழு இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பொதுமக்களின் கைகளில் இருந்த பதிப்புக்கு மருந்து வந்து சேர்வதற்குத்தான் உலகச் செய்தியாக வேண்டியிருந்தது.

இது முதற்றடவையல்ல

2013 ஓகஸ்ட் மாத இறுதியில் சில அரபு எழுத்துக்களாலான ஒரு கோவை ஐஓஎஸ் 6 இலும் அக்காலத்து அப்பிள் கணினிகளிலும் செயலிகளை வீழ்த்தியது. அப்போதும் பழுது கோர்டெக்ஸ்ட் பொறியிலேயே இருந்தது. அடுத்த மாதம் வந்த ஐஓஎஸ் 7 அதற்கு உள்ளாகவில்லை.

2015 மே மாத இறுதியில் ஆங்கிலம், அரபு, தேவநாகரி, சீனம் ஆகிய எழுத்துக்கள் கலந்த ஒரு குறுஞ்செய்தி ஐபோன்களை மறுதொடக்கம் செய்ய வைத்தது. அறிவிப்புப் பட்டையில் இடம் போதாமையால் செய்தியைச் சுருக்கி வெட்டும் வேளையில் பொறி தடுமாறியதே காரணம். திருத்தம் வரும்வரை, சிரி என்ற குரல் உதவியாளரிடம் செய்தியை வாசிக்கச் சொல்லிப் பதில் அனுப்புமாறு அப்பிள் நிறுவனம் ஆலோசனை கூறியது. ஜூன் 30 ஆம் திகதி வந்த ஐஓஎஸ் 8.4 அதனைத் தீர்த்தது.

2018 பெப்ரவரியில் தெலுங்கு. 2020 ஏப்ரலில் சிந்தி எழுத்துக்களும் இத்தாலியக் கொடிச் சின்னமும் சேர்ந்த கோவை. மே மாதம் ஐஓஎஸ் 13.5 வந்து அதனைத் தீர்த்தது.

இந்தப் பட்டியலை உற்று நோக்குங்கள். அரபு, தேவநாகரி, தெலுங்கு, வங்காளம், சிந்தி. ஒவ்வொரு முறையும் அகப்படுவது ஆங்கிலம் அல்லாத ஓர் எழுத்து முறை. ஆங்கில எழுத்துக்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுபவை. அவை இடம் மாறுவதில்லை, தலைமேல் ஏறுவதில்லை, பாதியாகக் குறைவதில்லை. உருவாக்குபவரும் சோதிப்பவரும் நாள்தோறும் அவ்வெழுத்துக்களையே கையாள்வதால் அந்தப் பாதையில் உள்ள பள்ளங்கள் விரைவில் நிரவப்பட்டுவிடுகின்றன. நமது எழுத்துக்கள் செல்லும் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. அங்குள்ள பள்ளம், யாராவது விழுந்த பின்னரே தெரியவருகின்றது.

தமிழ் தப்பியது எவ்வாறு?

2018 ஆம் ஆண்டின் பட்டியலில் தமிழ் இல்லை. இதற்குத் தமிழின் தனிப்பெருமை என்று மார்தட்ட வேண்டிய அவசியம் இல்லை. எழுத்தியல் காரணம் ஒன்று உண்டு. தமிழில் மெய்யெழுத்துத் தன் புள்ளியோடு வெளிப்படையாக நிற்கின்றது. அடுத்த மெய்யின் கீழ் ஒளிந்துகொள்வதில்லை. மெய்க்குப் புள்ளி இடுவதைத் தொல்காப்பியமே விதித்திருக்கின்றது. பழைய கல்வெட்டுக்களிலும் ஏடுகளிலும் பல வேளைகளில் புள்ளி விடுபட்டாலும் அச்சு வந்த பின் அது நிலைபெற்றுவிட்டது. 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகிய இரண்டை விட்டால் இன்றைய தமிழில் கூட்டெழுத்துக்கள் வழக்கில் இல்லை. ஆகவே பொறி இடறிய அந்தச் சந்துக்குள் தமிழ் எழுத்து நுழையவே இல்லை.

ஆயினும் எல்லா வழுக்களிலிருந்தும் நாம் தப்பிவிடவில்லை. 'ஸ்ரீ' என்ற அந்த எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2005 இல் வந்த யுனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பின் அதனை இரண்டு விதமாகக் கோக்க முடிகின்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். தேடுபொறியோ இரண்டையும் இரு வேறு சொற்களாகக் கொள்ளக்கூடும்.

நமது நாட்டில் ஒட்டுக்குறியின் கதை

வீழ்த்திய கோவையில் இருந்தது ஒட்டாக்குறி. அதன் உடன்பிறப்பான ஒட்டுக்குறி 'இங்கே ஒட்டு' என்று கூறுவது. அதுவும் கண்ணுக்குத் தெரியாதது, அகலம் இல்லாதது. சிங்கள எழுத்துக்கு இது இன்றியமையாதது. 1999 இல் யுனிகோட் 3.0 பதிப்பில் இடம்பெற்ற சிங்களத்தில், ரகாராங்சய, யன்சய, ரேபய ஆகிய சேர்க்கைகள் தோன்ற வேண்டுமாயின் ஒட்டுக்குறி இருந்தாக வேண்டும். சிங்களத்தில் 'ஸ்ரீ லங்கா' என்று எழுதும்போது முதற் சொல்லின் நடுவே இந்தக் குறி இருக்கின்றது. அதை நீக்கினால் நாட்டின் பெயரே உடைந்து, விராமக்குறியோடு தனித்தனியாக நிற்கும்.

இணைய முகவரிகளைப் பிற மொழிகளிலும் அமைப்பதற்கு 2003 இல் வகுக்கப்பட்ட விதிகள், கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஆபத்தானவை என்று கருதி அவற்றை அழித்துவிடுமாறு பணித்தன. ஏமாற்று முகவரிகளைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவாகச் சிங்கள 'ஸ்ரீ' முகவரிகளில் சரியான உருவில் நிற்க முடியாமற் போயிற்று. 2010 இல் வெளியான திருத்திய விதிகள், உரிய இடத்தில், அதாவது விராமக்குறியை அடுத்து வரும்போது, இக்குறிகளை அனுமதித்தன. நமது நாட்டின் பெயரிலுள்ள இந்த எழுத்து, சர்வதேசத் தர ஆவணங்களில் இன்றும் எடுத்துக்காட்டாக இடம்பெறுகின்றது.

தெலுங்குச் சம்பவத்தின்போது எழுதப்பட்ட தலைப்புக்கள் எனக்குக் கவலை தந்தமைக்கு இதுவே காரணம். எழுத்துத்தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டால், தீர்வு அந்த எழுத்தைத் தடுப்பது என்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் விஷமிகளின் ஆயுதங்கள் என்று சொல்லிவிட்டால், அவற்றை வடிகட்டி எறிவது பாதுகாப்பு நடவடிக்கை என்றாகிவிடும். அவ்வாறு எறியும்போது உடைவது யாருடைய பெயர் என்பதை எறிபவர் அறியமாட்டார். தலைப்பில் ஒரு சொல்லைத் தவறாக இடுவதன் விலை இது.

அந்தச் செய்தியை எழுதியவர்கள், ஒட்டாக்குறி இல்லாமல் அதே எழுத்தை ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்திருந்தால் தலைப்பு மாறியிருக்கும். அதற்குத் தெலுங்குப் புலமை வேண்டியதில்லை. தெலுங்கு தெரிந்த ஒருவரிடம் இரண்டு நிமிடங்கள் பேசியிருந்தாலே போதும். கோரேகாவ்கர் செய்ததும் அடிப்படையில் அதுதான். சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, குற்றமற்றதை விடுவித்தார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயங்குதளத்தை இற்றைப்படுத்திய பின் தமிழ் எழுத்துக்கள் பெட்டிகளாகவோ, கொம்பு இடம் மாறியோ, புள்ளியிட்ட வட்டங்களுடனோ தோன்றினால் அதனை விதியென்று ஏற்றுக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடாதீர்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தச் செயலி, எந்த எழுத்துரு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழையாகத் தெரியும் சொல்லைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் ஒட்டி அனுப்புங்கள். படத்தில் உருவம் மட்டுமே தெரியும். கண்ணுக்குத் தெரியாத குறி எழுத்தினுள்ளேதான் இருக்கும். அதே சொல்லை வேறொரு எழுத்துருவிலும் வேறொரு கருவியிலும் திறந்து பார்த்து, அங்கு எவ்வாறு தோன்றுகின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அச்சகத்தில் ஒப்புநோக்குநர் ஓரத்தில் இட்ட திருத்தக் குறியைப் பார்த்தே அச்சுக்கோப்பாளர் தம் பிழையை அறிந்தார். இன்றைய அச்சுக்கோப்பாளர் கடல் கடந்து இருக்கிறார். நமது எழுத்தை வாசிக்கவும் அறியாதவர். ஓரத்தில் குறி இடும் பணி நம்முடையது.